ரெண்டும் கார்ச்சாம்ப், ரெண்டும் லெவல் 50. அப்புறம் ஏன் அவனுது முந்துது?

பனங்கிழங்கு
போக்கிமான் ஸ்கார்லெட் கேம்ல கதைய முடிச்சுட்டு இப்பதான் ரேங்க்டு (ஆன்லைன்ல மத்தவங்களோட மோதற போட்டி) பக்கம் எட்டிப் பாத்தேன். கதை பூரா எனக்குத் தோள் குடுத்தது கார்ச்சாம்ப் தான், அதனால அவனையே மொதல்ல எறக்குனேன். எதிராளியும் கார்ச்சாம்ப். ரேங்க்டுல எல்லாத்தையும் லெவல் 50 ஆக்கிடுவாங்கல்ல, அப்ப ரெண்டும் சமம், பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு நெனச்சேன். அவன் முந்திக்கிட்டு அவுட்ரேஜ் போட்டு ஒரே அடில சோலிய முடிச்சுட்டான். மறுபடி வேற ஒருத்தன்கிட்டயும் இதே கதை.

என்னுது நேச்சர் அடமன்ட். லெவல் 50ல ஸ்பீடு 122 காட்டுது. ஒரே போக்கிமான், ஒரே லெவல், எப்படி அவனுது வேகமா இருக்கும்? பிறக்கும்போதே வர்ற ஐவி எண்ணு சரியில்லன்னு ஃப்ரெண்டு சொல்றான். 31 வர்ற வரைக்கும் புதுசா பிடிச்சுக்கிட்டே இருக்கணுமா?

மிளகாய்ப்பொடி
சாய்ஸ் ஸ்கார்ஃப் போட்டிருந்தானோ? அது ஸ்பீட ஒன்றரை மடங்கு ஆக்கிடும்.

பனங்கிழங்கு
இல்லக்கா. ரெண்டாவது ஆட்டத்துல அவன் லைஃப் ஆர்ப் வெச்சிருந்தான், அடிக்கும்போதெல்லாம் ஹெச்பி (உயிர்) குறையறத கண்ணால பாத்தேன்.

ஈவி_கணக்கு
ஒருத்தன் ஒரு பொருள்தான் வெச்சிருக்க முடியும், அப்ப ஸ்கார்ஃப் இல்ல. கதை முடிச்சாச்சுன்னா பாக்ஸ்ல ஐவிய எடை போட்டுச் சொல்ற ஜட்ஜ் வந்திருக்கும். ஸ்பீடுக்கு நேரா என்ன எழுதியிருக்குன்னு பாத்து சொல்லு தம்பி.

பனங்கிழங்கு
ப்ரிட்டி குட்.

ஈவி_கணக்கு
சரி, கணக்கப் போட்டுப் பாத்துடுவோம்.

ஸ்டாட் (ஸ்பீடு, அட்டாக் மாதிரி பல எண்ணு) நாலு சங்கதியால வருது. அந்த இனத்துக்கே உரிய பேஸ் ஸ்டாட், பிறக்கும்போதே கூட வர்ற ஐவி (0லேர்ந்து 31 வரைக்கும்), வளர்ப்புல சேர்ற ஈவி (ஒரு ஸ்டாட்டுக்கு 252, மொத்தமா 510), கடைசியா நேச்சர் (ஒண்ணு 10 சதவீதம் ஏறும், ஒண்ணு 10 சதவீதம் எறங்கும்). மொத்தம் 25 நேச்சர், அதுல அஞ்சு எதையும் ஏத்தாது, எறக்காது.

சூத்திரம் இதுதான்: பேஸ ரெண்டால பெருக்கி, ஐவியையும் ஈவில நாலுல ஒரு பங்கையும் கூட்டு. லெவலால பெருக்கி 100ஆல வகு. 5 கூட்டு. கடைசில நேச்சர். ஒவ்வொரு படியிலயும் பின்னம் வந்தா வெட்டிடும். ஹெச்பிக்கு மட்டும் நேச்சர் கிடையாது, அங்க 5க்குப் பதிலா லெவலும் 10ம் கூடும்.

கார்ச்சாம்ப் பேஸ் ஸ்பீடு 102. ப்ரிட்டி குட்னா ஐவி 16லேர்ந்து 25க்குள்ள. 20ன்னு வெச்சுக்குவோம். அடமன்ட் அட்டாக்க ஏத்தும், ஸ்பீடத் தொடாது. அப்ப 122 வரணும்னா உன் ஸ்பீடு ஈவி 40 வாக்குல இருக்கணும். இப்ப ஒவ்வொண்ணா மாத்திப் பாரு:

ஐவிய 20லேர்ந்து 31 ஆக்குனா 127. அதுக்கு மேல ஈவிய 40லேர்ந்து 252 ஆக்குனா 154. அதுக்கும் மேல நேச்சர ஸ்பீடு ஏத்தற ஜாலி ஆக்குனா 169.

உன் எதிராளி அந்த 169ல நிக்கறான். உனக்கும் அவனுக்கும் 47 வித்தியாசம். அதுல ஐவி தந்தது வெறும் 5. நேச்சர் 15. ஈவி 27. உன் ஃப்ரெண்டு சொன்ன ஐவி வரிசைல கடைசில நிக்குது. ஆனா வர்றவங்க எல்லாரும் மொதல்ல கேக்கறது அதையேதான். ஜட்ஜ் அத எழுத்துல காட்டுது, பெஸ்ட்னு பாத்தா மனசு குளிருது. ஈவிக்கு அப்படிப் பேரு எதுவும் எழுதி வர்றதில்ல. சம்மரி திரைல ஸ்டாட் பக்கத்துல எல் பட்டன அழுத்துனாத்தான் அந்த வரைபடமே வரும். அத அழுத்தாமலே கதைய முடிச்சவங்க எக்கச்சக்கம்.

பனங்கிழங்கு
அழுத்திப் பாத்தேன். எல்லா மூலைலயும் கொஞ்சம் கொஞ்சம் வீங்கியிருக்கு. ஸ்பெஷல் அட்டாக்ல கூட! அவன் ஒரு ஸ்பெஷல் மூவ் கூட வெச்சிருக்கல.

ஈவி_கணக்கு
கதை ஆடுனா அப்படித்தான் ஆகும். நீ தோற்கடிக்கற ஒவ்வொரு போக்கிமானும் அதோட வகைக்கு ஏத்த மாதிரி 1லேர்ந்து 3 ஈவி குடுக்கும். மேஜிகார்ப் அடிச்சா ஸ்பீடு 1, ரால்ட்ஸ் அடிச்சா ஸ்பெஷல் அட்டாக் 1, ஹாப்பிப் அடிச்சா ஸ்பெஷல் டிஃபென்ஸ் 1. எக்ஸ்பி பங்கு போகுதுல்ல, அதோட சேர்ந்து இந்த ஈவியும் கூட நிக்கற ஆறு பேருக்கும் முழுசாப் போகும். ஆக நீ வழில கண்டத எல்லாம் அடிச்சதுல 510 கண்டபடி நெறஞ்சுபோச்சு. அது மாசச் சம்பளம் மாதிரி, எல்லாப் பக்கமும் சிதறிப்போனா எதுவும் உருப்படியா வராது.

சும்மா_விளையாடு
வந்துட்டாங்கய்யா கால்குலேட்டரத் தூக்கிக்கிட்டு. 😄

தம்பி, ஒண்ணு சொல்றேன். கதைக்கு இதுல ஒண்ணுமே தேவையில்ல. பிடிச்ச ஆறு பேரக் கூட்டிக்கிட்டு சாம்பியன் வரைக்கும் போலாம். நான் இந்த எண்ணெல்லாம் தெரியாமலே நாலஞ்சு கேம் முடிச்சிருக்கேன். தெரிஞ்சப்புறம்தான் முட்டைலேர்ந்து வர்ற குஞ்சப் பாத்து "ஐவி பத்தல"ன்னு ரிலீஸ் பண்ண ஆரம்பிச்சேன். அன்னிக்கே பாதி சந்தோஷம் போச்சு.

மிளகாய்ப்பொடி
> கதைக்கு இதுல ஒண்ணுமே தேவையில்ல

அது சரிதான். ஆனா அவர் கேட்டது ரேங்க்டப் பத்தி. அங்க எதிர்ல நிக்கறவன் இந்த வேலையெல்லாம் முடிச்சுட்டு வந்தவன்.

ரிலீஸ் பண்ற காலமும் மலையேறிடுச்சு. 2016ல சன், மூன்ல ஐவிய நிரப்பற ஹைப்பர் ட்ரெய்னிங் வந்தப்பவே ஐவிக்காக முட்டை பொரிக்கறதுக்குப் பாதி அர்த்தம் போச்சு. அப்ப லெவல் 100 கேட்டாங்க. ஸ்கார்லெட், வயலெட்ல லெவல் 50 போதும். 2019ல ஸ்வோர்டு, ஷீல்டுல நேச்சர் பலன மாத்தற மின்ட் வந்து நேச்சர் கவலையும் தீந்துது. இப்ப கதைல கூட வந்த அதே கார்ச்சாம்ப அப்படியே போட்டிக்குத் தயார் பண்ணலாம். எனக்கு இந்த சீரீஸ்லயே பிடிச்ச மாற்றம் இதுதான். மொத நாள்லேர்ந்து கூட இருக்கறவன் கடைசி வரைக்கும் கூட வர்றான்.

பழைய_கேம்பாய்
ஐவி, ஈவி என்பவை முதலிலிருந்தே இப்படி இருக்கவில்லை. 1996இல் ஜப்பானில் ரெட், க்ரீன் வெளிவந்தபோது பிறவி எண் 0 முதல் 15 வரைதான். அதற்கு டிவி (DV) என்று பெயர். ஹெச்பிக்குத் தனி எண்ணே கிடையாது, மற்ற நான்கு எண்களைக் கொண்டே அது கணக்கிடப்படும். ஸ்பெஷல் அட்டாக்கும் ஸ்பெஷல் டிஃபென்ஸும் அப்போது ஒன்றாக, ஸ்பெஷல் என்ற ஒரே ஸ்டாட்டாக இருந்தன. கோல்டு, சில்வரில்தான் பிரிந்தன. அந்த ஆட்டங்களில் ஒரு போக்கிமான் ஷைனியா (அரிய நிறம் கொண்டதா) என்பதையும் இதே டிவி எண்களே தீர்மானித்தன. டிஃபென்ஸ், ஸ்பீடு, ஸ்பெஷல் மூன்றும் சரியாக 10 ஆக இருக்க வேண்டும், அட்டாக்கிலும் குறிப்பிட்ட சில எண்கள்தான். அதனால் ஷைனி எதுவும் பிறவியில் முழு பலத்தோடு இருக்கவே முடியாது.

வளர்ப்பு முறையும் வேறு. தோற்கடித்த போக்கிமானின் பேஸ் ஸ்டாட்டுகள் அப்படியே உங்கள் கணக்கில் கூடிக்கொண்டே போகும். ஒவ்வொரு ஸ்டாட்டுக்கும் 65,535 வரை. மொத்தத்துக்கு உச்சவரம்பு கிடையாது. பொறுமை இருந்தால் எல்லாவற்றையும் நிரப்பிவிடலாம். அதாவது இறுதியில் எல்லோருடைய மியூட்டூவும் ஏறக்குறைய ஒன்றுதான்.

2002இல் ரூபி, சஃபயர் வந்தபோதுதான் 510 என்ற வரம்பும், நேச்சரும், 31 என்ற ஐவி உச்சமும் ஒன்றாக வந்தன. வரம்பு வந்ததும்தான் ஆட்டத்துக்குள் யோசனை வந்தது என்பேன். எல்லாம் கிடைக்காது, எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டும். சும்மா_விளையாடு இதைக் கணக்குப் பாடம் என்கிறார். எனக்கு இதுதான் ஆட்டம்.

இன்னொன்று. ரேர் கேண்டி கொடுத்தால் போக்கிமான் பலவீனமாகிவிடும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். கேண்டி லெவலை மட்டும் ஏற்றும், ஈவி எதுவும் தராது, அவ்வளவுதான். ஆனால் மூன்றாம், நான்காம் தலைமுறை ஆட்டங்களில் லெவல் 100ஐ எட்டிவிட்டால் சண்டையில் ஈவி சேராது. கேண்டியாலேயே 100க்குத் தூக்கியவர்களின் போக்கிமான் உண்மையிலேயே சோப்பளாங்கியாக நின்றது. ஐந்தாம் தலைமுறையிலிருந்து அந்தச் சிக்கல் இல்லை.

சும்மா_விளையாடு
சரி, வரம்பு நல்லதுன்னே வெச்சுக்குவோம். அத ஏன் இத்தன வருஷம் ஒளிச்சு வெச்சாங்க? கேம்ல எங்கயும் எழுதாம, வெளில எவனோ கண்டுபிடிச்சு சொன்னாத்தான் தெரியணுமா?

பழைய_கேம்பாய்
அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன். 2013இல் எக்ஸ், ஒய்யில் சூப்பர் ட்ரெய்னிங் வந்தபோதுதான் ஈவியைப் படமாகக் காட்டினார்கள். கால்பந்தை உதைத்து பலூன் போக்கிமான் மேல் கோல் போடும் அந்த விளையாட்டு எனக்கு அலுப்பாக இருந்தது, ஆனால் அந்த வரைபடத்துக்காக மன்னிக்கலாம். 2022இல் லெஜெண்ட்ஸ் ஆர்சியஸில் இன்னும் நேர்மை: 0 முதல் 10 வரை ஓர் அளவு, கிரிட் பொருள்களைக் கொடுத்தால் ஏறும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

பனங்கிழங்கு
பேசுனதெல்லாம் சரி, இப்ப என் கார்ச்சாம்ப நான் என்ன பண்ணட்டும்?

ஈவி_கணக்கு
வரிசையாப் பண்ணு.

மொதல்ல வேண்டாத ஈவிய கழுவு. டீல் மாஸ்க் டிஎல்சி (தனியா வாங்கற கூடுதல் பகுதி) இருந்தா ஃப்ரெஷ்-ஸ்டார்ட் மோச்சி ஒண்ணு போதும், எல்லாம் பூஜ்யம். இல்லன்னா பெர்ரி: ஹான்டியூ ஸ்பெஷல் அட்டாக்ல 10 குறைக்கும், க்வாலாட் டிஃபென்ஸ்ல 10, கிரெப்பா ஸ்பெஷல் டிஃபென்ஸ்ல 10.

அப்புறம் அட்டாக்குக்கு புரோட்டீன், ஸ்பீடுக்கு கார்போஸ். ஒண்ணுக்கு 10 ஈவி. முன்ன விட்டமின்ல 100 வரைக்கும்தான் ஏத்த முடியும், ஸ்வோர்டு, ஷீல்டுலேர்ந்து அந்தத் தடை இல்ல. பூஜ்யத்துலேர்ந்து 252க்கு 26 பாட்டில். சான்சி சப்ளை கடைல ஒண்ணு 10,000, ஆக ஒரு ஸ்டாட்டுக்கு 2,60,000. காசு இல்லன்னா பவர் ஆங்க்லெட் மாட்டிக்கிட்டு ஃப்ளெட்ச்லிங் அடி. அதோட 1, ஆங்க்லெட்டோட 8, ஆக அடிக்கு 9. சரியா 28 அடிச்சா 252. அட்டாக்குக்கு பவர் ப்ரேசர்.

ஜாலி மின்ட் 20,000. மின்ட் குடுத்தாலும் திரைல அடமன்ட்னுதான் எழுதியிருக்கும், பயப்படாத, ஸ்டாட் மட்டும் மாறும். கடைசியா ஹைப்பர் ட்ரெய்னிங்குக்கு வேண்டிய பாட்டில் கேப் எடுத்துக்கிட்டு மான்டெனெவெரா ஊருக்குப் போய் ஐவிய நிரப்பிக்கோ. காசு மிச்சம் இருந்தா போதும். நான் சொன்ன வரிசைல அதுதான் கடைசி.

பனங்கிழங்கு
அடமன்ட்ட ஏன்ணே மாத்தணும்? அட்டாக் 10 சதவீதம் போயிடுமே.

ஈவி_கணக்கு
போகும். ஃபுல் ஈவி, 31 ஐவில அடமன்ட்னா அட்டாக் 200, ஜாலின்னா 182. ஆனா ஸ்பீடு பக்கம் பாரு.

லெவல் 50க்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. ஐவி 31ன்னு வெச்சுக்கிட்டு, ஈவி இல்லாத ஸ்டாட் பேஸோட 20. ஃபுல் ஈவின்னா பேஸோட 52. நேச்சர் இருந்தா அதுக்கு மேல 10 சதவீதம். ஹெச்பிக்கு ஈவி இல்லன்னா பேஸோட 75, ஃபுல்லுன்னா 107. இந்த நாலு எண்ணு மனசுல இருந்தா எதிராளி டீம் திரைல வரும்போதே யார் முந்துவாங்கன்னு கணக்குப் போட்டுடலாம்.

அடமன்ட் கார்ச்சாம்ப் ஸ்பீடு 154. ஸ்பீடு ஏத்தற நேச்சரோட வர்ற பேஸ் 88 போக்கிமானும் சரியா 154. அதுக்கு மேல பேஸ் இருக்கற எல்லாரும் உன்ன முந்துவாங்க: லேண்டோரஸ் தேரியன் 157, ஹைட்ரைகான் 165, சாரிசார்டும் வோல்கரோனாவும் 167. ஜாலி போட்டா 169, இவங்க அத்தனை பேரையும் தாண்டிடுவ. பேஸ் 100ல ஒரு பெரிய கும்பலே நிக்குது. கார்ச்சாம்ப்போட பேஸ் 102ங்கறதுல அந்த 2 தான் அவனோட சொத்து. அடமன்ட் போட்டா அத வித்துட்டு அட்டாக்ல 18 வாங்கற.

மிளகாய்ப்பொடி
ஒரு திருத்தம். அது ஒத்தைக்கு ஒத்தை ஆட்டத்துக்குச் சரி. டபுள்ஸ்ல பக்கத்துல ஒருத்தர் டெயில்விண்ட் போட்டா நாலு டர்னுக்கு ஸ்பீடு ரெண்டு மடங்கு. அப்ப அடமன்ட்டே 308, ஜாலி வீண் செலவு. எந்த டீம்ல யார் பக்கத்துல நிக்கப் போறான்னு தெரியாம நேச்சர் சொல்ல முடியாது.

அப்புறம் எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு 252, 252, 4 போடறாங்க. லெவல் 50ல, ஐவி 31 இருந்தா, மொத 4 ஈவிக்கு ஒரு புள்ளி, அதுக்கப்புறம் ஒவ்வொரு 8க்கும் ஒரு புள்ளி. கார்ச்சாம்ப்ல ஸ்பீடு 252, அட்டாக் 244 வெச்சுட்டு ஹெச்பி, டிஃபென்ஸ், ஸ்பெஷல் டிஃபென்ஸ் மூணுலயும் ஆளுக்கு 4 போடு. மொத்தம் அதே 508. ஆனா 65 புள்ளிக்குப் பதிலா 66 கெடைக்கும். அட்டாக் 182 இருந்தது 181 ஆகும், மத்த பக்கம் ரெண்டு கூடும்.

சும்மா_விளையாடு
ஒரே ஒரு புள்ளிக்கா இவ்வளவு? 🙏

ஈவி_கணக்கு
ஒரு புள்ளி உயிர எடுத்த கதை கேளு. லெவல் 100 சிங்கிள்ஸ். ஸ்டெல்த் ராக்னா எதிராளி போட்டு வெக்கற கல் பொறி, ஒவ்வொரு தடவ உள்ள வரும்போதும் குத்தும். சாரிசார்டுக்கு அது விழுந்தா பாதி உயிர் போயிடும். ஈவி போடாத சாரிசார்ட் ஹெச்பி 297. பாதின்னா பின்னத்த வெட்டிட்டு 148. ரெண்டு தடவ உள்ள வந்தா 296 போகும், 1 மிச்சம். உயிரோட நின்னு அடிக்கலாம். மிச்சம் இருந்த 4 ஈவிய வீணாக்க மனசில்லாம ஹெச்பில போட்டவன் சாரிசார்ட் 298. பாதி 149. ரெண்டாவது தடவ கால வெச்சதும் செத்துரும். ஹெச்பிய ஏத்தினதாலயே சாகுது. இப்ப ஹெவி-ட்யூட்டி பூட்ஸ் வந்து ராக்க தடுத்துருச்சு, ஆனா பூட்ஸ் இல்லாம ஆடறவங்களுக்கு இன்னும் இதே கணக்குதான்.

தெரு_ட்ரெய்னர்
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் போக்கிமான் கோ மட்டும்தான். அங்க ஐவி (அட்டாக், டிஃபென்ஸ், ஹெச்பி) 15/15/15 இருந்தா பெஸ்ட்னு தேடித்தேடிப் பிடிக்கறோம். கிரேட் லீக்ல மட்டும் 0/15/15 தேடறாங்களே, அது என்ன தலைகீழ்க் கூத்து?

மிளகாய்ப்பொடி
கிரேட் லீக்ல சிபி (மொத்த பலத்தக் காட்டற எண்ணு) 1500 தாண்டக்கூடாது. சிபி கணக்குல அட்டாக் அப்படியே முழுசாப் பெருக்கும், டிஃபென்ஸும் ஹெச்பியும் வர்க்கமூலமா மட்டும் பெருக்கும். அப்ப அட்டாக் கூடுனா சிபி சட்டுனு ஏறி 1500ல முட்டிடும். அட்டாக் ஐவி 0 இருந்தா இன்னும் சில லெவல் ஏத்த எடம் கெடைக்கும், மொத்தத்துல உடம்பு கெட்டியாகும். ஆனா எவ்வளவு ஏத்தினாலும் 1500 எட்டவே தெணர்ற போக்கிமானுக்கு 15/15/15 தான் சரி. ரெய்டுக்கு இந்தக் கணக்கே வேண்டாம், அட்டாக் 15 தான் வேணும்.

தெரு_ட்ரெய்னர்
அய்யோ, 0 அட்டாக்ல வந்ததெல்லாம் ப்ரொஃபசருக்கு அனுப்பிட்டேனே.

இரவுப்பறவை
இவ்வளவு மெனக்கெடறதுக்கு டூல் வெச்சு உருவாக்கிட்டாப் போச்சு. எண்ணு ஒண்ணுதானே.

பழைய_கேம்பாய்
வீட்டில் ஆடும்வரை யாரும் கேட்கப் போவதில்லை. 2023இல் யோகோஹாமாவில் நடந்த உலகப் போட்டியில் அப்படி உருவாக்கிய போக்கிமான்கள் சோதனையில் சிக்கி, சில ஆட்டக்காரர்கள் தகுதி இழந்தார்கள். அத்தனை தூரம் பயணம் செய்து போய்! இப்போது விட்டமின், மின்ட், கேப் மூன்றும் கடையிலேயே கிடைக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

வெறும் வித்தியாசமான டீம்களை ஆடிப் பார்க்கத்தான் ஆசை என்றால் பிரவுசரில் போக்கிமான் ஷோடவுன் இலவசம். ஐவி, ஈவி, நேச்சர் எல்லாவற்றையும் தட்டச்சு செய்தே வைத்துக்கொள்ளலாம். ஸ்விட்ச் வாங்க வசதி இல்லாத பிள்ளைகள் பலர் அங்கேதான் பழகுகிறார்கள்.

பனங்கிழங்கு
விட்டமினுக்குக் காசு சேத்துக்கிட்டிருக்கேன். அடுத்து அந்த ஆமை, டோர்கோல் எடுக்கலாம்னு பாக்கறேன், ட்ரிக் ரூம் டீமுக்கு. இதுக்கும் ஆறு ஐவியும் 31 தானே? கோல்டு பாட்டில் கேப் ஒண்ணு கையில இருக்கு.

மிளகாய்ப்பொடி
வேண்டாம், அத டோர்கோலுக்குக் குடுத்துடாத!

ட்ரிக் ரூம்ல அஞ்சு டர்னுக்கு மெதுவா இருக்கறவன்தான் மொதல்ல அடிப்பான். டோர்கோல் பேஸ் ஸ்பீடு 20. ஸ்பீடு குறைக்கற நேச்சர், ஈவி 0, ஐவி 0 இருந்தா லெவல் 50ல 22. ஐவி 31 ஆயிட்டா 36. கோல்டு கேப் ஆறையும் சேத்து ஏத்திடும். சாதா பாட்டில் கேப்ல வேண்டியத மட்டும் ஒவ்வொண்ணா ஏத்து, ஸ்பீடத் தொடாத. ஏத்தினத எறக்க வழி கெடையாது.

அட்டாக் ஐவியும் ஏத்த வேண்டாம். டோர்கோல் எரப்ஷன் போடப் போறான், அது ஸ்பெஷல். எதிராளி ஃபவுல் ப்ளே போட்டா உன் அட்டாக்க வெச்சே உன்ன அடிப்பான். குழப்பத்துல தன்னைத்தானே அடிச்சுக்கறதும் சொந்த அட்டாக்லதான். கம்மியா இருக்கறது லாபம்.

பனங்கிழங்கு
22க்கும் 36க்கும் அவ்ளோ வித்தியாசமாக்கா? ரெண்டுமே ஆமைதானே.

மிளகாய்ப்பொடி
அமூங்கஸ்னு ஒரு காளான் இருக்கு. பேஸ் 30, ட்ரிக் ரூம் டீம்ல அடிக்கடி வரும். ஸ்பீடு குறைக்கற நேச்சர், 0 ஐவில அது 31. உன் டோர்கோல் 22ல இருந்தா நீ மொதல்ல எரப்ஷன், காளான் கருகிடும். 36ல இருந்தா அது மொதல்ல ஸ்போர் போடும், உன் ஆமை தூங்கிடும். ட்ரிக் ரூம் இருக்கறதே அஞ்சு டர்ன், போட்ட டர்னும் அதுலதான் சேர்த்தி.

காட்டுல பிடிச்சதுல ஜட்ஜ் ஸ்பீடுக்கு நேரா "நோ குட்"னு காட்டுனா அத வெச்சுக்கோ, அதான் 0. டிசென்ட்னு வந்தா 1லேர்ந்து 15க்குள்ள எங்க வேணா இருக்கும். டிசென்ட்டே வந்தாலும் பரவால்ல: ஐவி 15 இருந்தாக்கூட 28தான் வரும், காளான முந்திடலாம். எதிர்லயும் ஒரு டோர்கோல் வந்தாத்தான் நோ குட் வேணும்.